நள்ளிரவுக்குப் பின் வந்த உரை: கத்தார் செய்தி முகமை நிகழ்வும் குமரிக் கரையும்

2017ஆம் ஆண்டு மே 24, புதன்கிழமை காலை ஏழு மணியளவில், தேங்காப்பட்டணம் சாலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் அக்கா ஒருவர் போனைக் கையில் பிடித்தபடி எங்கள் வாசலில் வந்து நின்றார். அவருடைய கணவர் கத்தாரில் டிரெய்லர் ஓட்டுகிறார். சவூதி எல்லையிலிருந்து சரக்கேற்றி தோஹாவுக்குக் கொண்டுவருவது அப்போது அவருக்கு வேலை. போனில் வாட்ஸ்அப் வழியாக வந்த ஒரு படம் இருந்தது. கத்தாரின் ஆட்சியாளரான அமீர் ஈரானைப் புகழ்ந்து பேசிவிட்டார், அண்டை நாடுகளிலிருந்து தூதர்களைத் திரும்ப அழைக்கப் போகிறார் என்று அதில் மலையாளத்தில் எழுதியிருந்தது. விளவங்கோடு பக்கத்தில் மலையாளம் வாசிப்பது புதுமையில்லை என்பதால் படத்தில் இருந்தது அவருக்கு விளங்கியிருந்தது. "தம்பி, இது உள்ளதுதானா?" என்பது மட்டுமே அவர் கேள்வி. இதழியல் வகுப்பு எடுக்கிறவன் என்ற தைரியத்தில் நான் கணினியைத் திறந்து பார்த்தேன். கத்தார் செய்தி முகமையை மேற்கோள் காட்டி, அரபுத் தொலைக்காட்சி ஒன்றின் ஆங்கிலத் தளம் அதே வாசகங்களை வெளியிட்டிருந்தது. "உள்ளதுதான் அக்கா, அவங்க அரசாங்க ஏஜென்சியிலேயே வந்திருக்கு" என்றேன்.

அது பொய். நான் அப்படிச் சொல்வதற்குச் சில மணி நேரம் முன்பே கத்தார் அரசு அதை மறுத்துவிட்டிருந்தது. முகமையின் பெயரைப் பார்த்ததும் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை என்று நினைத்தது என் தவறு. அந்தத் தவறுதான் இந்த ஆய்வுக்குத் தொடக்கம்.

மோதல் காலத்தில் அரசுச் செய்தி முகமைகள் தம் நாட்டின் நியாயத்தை அயல்நாட்டு மக்களிடம் கொண்டுசேர்க்கும் கருவிகளாக எப்படிப் பயன்படுகின்றன என்பதற்கு எடுத்துக்காட்டுகள் நிறைய உண்டு. அந்தக் கருவி வேறொருவர் கைக்குப் போனால் என்ன நேரும் என்பதைக் கத்தார் நிகழ்வு போலத் தெளிவாகக் காட்டியது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. மக்கள் நம்புகிறார்களா இல்லையா என்பதைப் பொறுத்து அரசு முகமையின் வலிமை அமைவதில்லை. அதில் வந்த வாசகத்தை ‘ஆட்சியாளர் சொன்னது’ என்று எவரும் எடுத்துக்காட்டலாம் என்ற வழக்கத்திலிருந்தே அந்த வலிமை பிறக்கிறது. அந்த வழக்கத்தை உலகத்துக்குப் பழக்கிய அரசு, தன் முகமையில் வந்த பொய்யொன்றை மறுக்க நேரும்போது, தன் முத்திரையையே எதிர்த்து வாதாட வேண்டியதாகிவிடுகிறது.

ஏலக்கரையும் செய்தியும்

குளச்சலிலோ தேங்காப்பட்டணம் துறைமுகத்திலோ விடியற்காலை மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்குச் செய்தி முகமை செய்யும் வேலையை விளக்குவது எளிது. வள்ளம் கரைக்கு வந்ததும் மீன் குவியல் குவியலாக ஏலத்தில் போகிறது. வாங்கியவர்கள் அதைப் பெட்டியில் அடைத்தும், தலையில் சுமந்தும், ஸ்கூட்டரில் கட்டியும் ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். அருமனையிலோ குலசேகரத்திலோ வீட்டு வாசலில் மீன் வாங்குகிறவருக்கு அது எந்த வள்ளத்தில் வந்தது என்று தெரியாது. கொண்டுவந்தவரின் முகம்தான் தெரியும். செய்தி முகமையும் ஏலக்கரையில் இருக்கும் மொத்த வியாபாரிதான். அதன் தளத்தைப் பொதுமக்கள் திறந்து பார்ப்பது அரிது. நாளிதழும் தொலைக்காட்சியும் இணையதளமும் அதை வாங்கிப் பிரித்து விற்கின்றன.

ராய்ட்டர்ஸ் போன்ற வணிக முகமைகள் சந்தாதாரர் கொடுக்கும் பணத்தில் நடக்கின்றன. நம் நாட்டுப் பிடிஐ நாளிதழ்களின் கூட்டுடைமை. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் அதையும் வேறு மூன்று முகமைகளையும் ‘சமாச்சார்’ என்ற ஒரே அமைப்பாக இணைத்து, 1978இல் மீண்டும் பிரித்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அரசு முகமைக்கோ கருவூலம் பணம் கொடுக்கிறது. ஆகையால் அதன் செய்தி பெரும்பாலும் இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கிறது. ஆள் பற்றாத செய்தி அறைக்கு, நேரத்தோடு, சீரான நடையில், இலவசமாக வந்து சேரும் செய்தியைத் தள்ளிவைப்பது கடினம். அரசுகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

அயல்நாட்டு அரசோடு பேசுவது இராஜதந்திரம் என்றால், அயல்நாட்டு மக்களோடு நேரடியாகப் பேசுவதை மக்கள்சார் இராஜதந்திரம் எனலாம். அமெரிக்கத் தூதராக இருந்து ஓய்வு பெற்ற எட்மண்ட் கல்லியன் 1965இல் இதற்கு இன்று வழங்கும் பொருளில் பெயர் சூட்டினார். செயல் அதற்கு வெகுகாலம் முந்தியது. துருக்கியின் அனடோலு முகமை விடுதலைப் போரின் நடுவே, 1920 ஏப்ரலில், நாடே முழுதாக உருவாகும் முன் தொடங்கப்பட்டது. சோவியத் நாட்டின் தாஸ் முகமை வெளியிடும் முக்கியமான அறிக்கைகள் ‘தாஸ் அறிவிக்க அதிகாரம் பெற்றுள்ளது’ என்ற தொடரோடு தொடங்கும். 1941 ஜூன் 14 அன்று, ஜெர்மனி படையெடுக்கப்போகிறது என்ற பேச்சு அடிப்படையற்றது என்று தாஸ் அறிவித்தது. சொந்த நாட்டு மக்களுக்குச் சொன்னதுபோல் இருந்தாலும் அது பெர்லினின் வாயிலிருந்து ஒரு பதிலை எதிர்பார்த்து விடப்பட்ட தூது. பதில் வரவில்லை, ஜூன் 22 அன்று படைகள் எல்லை தாண்டின. 1983 செப்டம்பர் 1 அன்று 269 பேருடன் தென்கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது, அடையாளம் தெரியாத விமானமொன்று வான்எல்லைக்குள் புகுந்து ஜப்பான் கடலை நோக்கிப் பறந்து சென்றுவிட்டது என்றே தாஸ் முதலில் சொன்னது. சுட்டதை மாஸ்கோ ஒப்புக்கொண்டது ஐந்து நாள் கழித்து.

இந்தப் பேச்சு நம் மாவட்டத்துக்கு அந்நியமானதும் இல்லை. சோவியத் தூதரகம் தமிழில் வெளியிட்ட இதழின் வழவழப்பான வண்ணத் தாள்களைப் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்ட தலைமுறை இன்றும் இங்கே இருக்கிறது. மாஸ்கோவின் பனியும் கோதுமை வயலும் எங்கள் கணக்கு நோட்டின் மேல் இருந்தன. 1962 எல்லைப் போர் நடந்த மறு ஆண்டே, 1963 ஆகஸ்டில், சீன வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அயல்நாட்டு அரசு ஒன்று தமிழில் நம்மிடம் பேச விரும்பியபோதெல்லாம் அதற்கு ஏதோ ஒரு மோதல் பின்னணியாக இருந்தது.

மே 23 இரவு

1971இல் பிரிட்டன் வளைகுடாவை விட்டு வெளியேறியது; கத்தார், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை தனி நாடுகளாயின. எண்ணெய் வருமானமும் பெருகிய அந்தப் பத்தாண்டில் வளைகுடா நாடுகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முகமையை அமைத்துக்கொண்டது. சவூதி முகமை 1971இலும், கத்தார் முகமை 1975இலும், குவைத் முகமை 1976இலும் தோன்றின. இவற்றின் அன்றாடச் செய்திகளை வாசித்தால் சுவை எதுவும் இருக்காது. அமீர் இன்ன நாட்டுக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார், இன்ன அமைச்சரை வரவேற்றார், இன்ன கடிதம் பெற்றார் என்று ஆண்டு முழுவதும் ஒரே நடையில் போகும். அந்தச் சலிப்பான ஒழுங்கில்தான் நம்பகத்தன்மை சேமிக்கப்படுகிறது. தந்தி உண்மை, வரவேற்பு உண்மை, கடிதம் உண்மை என்று ஆயிரம் முறை கண்டவர்கள் ஆயிரத்து ஒன்றாவது வாசகத்தைச் சோதிப்பதில்லை.

2017 மே 23 அன்று கத்தாரில் கட்டாய இராணுவப் பயிற்சி முடித்த இளைஞர்களுக்கான விழா நடந்தது. அமீர் ஷேக் தமீம் பின் ஹமத் அல் தானி அதில் கலந்துகொண்டார். உரை எதுவும் ஆற்றவில்லை என்பது கத்தார் அரசின் கூற்று. அன்று நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில், அவர் அந்த விழாவில் பேசியதாக ஒரு செய்தி முகமையின் தளத்தில் ஏறியது. நம் கடிகாரத்தில் அப்போது அதிகாலை இரண்டே முக்கால் மணி இருக்கும். ஈரான் ஓர் இஸ்லாமிய வல்லமை என்றும், அதைப் பகைப்பதில் விவேகமில்லை என்றும், ஹமாஸ் பாலஸ்தீன மக்களின் முறையான பிரதிநிதி என்றும், இஸ்ரேலோடும் நல்லுறவு உண்டு என்றும் அமீர் சொன்னதாக அதில் இருந்தது. விழாக் காட்சிகளின் அடியில் ஓடும் வரிகளிலும் இவை வந்தன. முகமையின் ட்விட்டர் கணக்கிலோ, சவூதி, எகிப்து முதலிய நாடுகளிலிருந்து தூதர்கள் திரும்ப அழைக்கப்படுவதாக வெளியுறவு அமைச்சர் அறிவித்ததுபோல் பதிவுகள் ஏறின.

செய்தவர்களின் கைத்திறனை இங்கே நின்று கவனிக்க வேண்டும். விழா உண்மை, அமீர் போனது உண்மை, படம் உண்மை, நடை முகமையின் நடை. உரை ஒன்றுதான் பொய். அந்த உரையிலும் எல்லாமே வானத்திலிருந்து விழுந்தவை இல்லை. உலகின் மிகப் பெரிய எரிவாயு வயலைக் கத்தாரும் ஈரானும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஹமாஸ் அமைப்பின் அரசியல் தலைவர்கள் தோஹாவில் தங்கியிருந்தார்கள். 2014 மார்ச்சில் சவூதியும் அமீரகமும் பஹ்ரைனும் தம் தூதர்களைத் தோஹாவிலிருந்து திரும்ப அழைத்து எட்டு மாதம் வரை அனுப்பாமல் இருந்தன. இவ்வளவும் தெரிந்த ஒருவர் அந்த உரையை வாசித்தால், ‘இப்படித்தான் நினைத்திருப்பார், இன்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்’ என்று எண்ணுவதற்கே இடமிருந்தது. மூன்று நாளுக்கு முன்புதான் அமெரிக்க அதிபர் டிரம்ப் ரியாதில் அரபுத் தலைவர்களைக் கூட்டி ஈரானை எதிர்க்க அழைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாள் குறித்துச் செய்தது போலவே தோன்றுகிறது.

கத்தார் அரசு அதே இரவில் மறுப்பு வெளியிட்டது. எந்த வாயிலாக மறுப்பது என்பதே அப்போது சிக்கலாகிவிட்டது. அமீரின் சொல்லை உலகுக்குச் சொல்லும் அதிகாரப்பூர்வ வாய் முகமைதான். அதுவே பிறர் வசம் போயிருந்தது, பிறகு தளமே முடங்கிக் கிடந்தது. அரசின் தகவல் தொடர்பு அலுவலகம் தனியாக அறிக்கை விட வேண்டியிருந்தது. பூட்டை உடைத்து வீட்டுக்குள் புகுந்தவன் மாடியில் நின்று ஊரைக் கூப்பிட, வீட்டுக்காரர் தெருவில் நின்று ‘அது நானில்லை’ என்று சொல்லும் நிலை அது.

அடுத்த பன்னிரண்டு நாட்கள்

சவூதிக்கு நெருக்கமான அல் அரேபியாவும், அபுதாபியிலிருந்து இயங்கும் ஸ்கை நியூஸ் அரேபியாவும் மறுப்பு வந்த பிறகும் அந்த உரையை வைத்து மணிக்கணக்கில் விவாதம் நடத்தின. சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நாடுகளில் அல் ஜசீரா உள்ளிட்ட கத்தார் ஊடகத் தளங்கள் முடக்கப்பட்டன. ஆகவே மறுப்பை வாசிக்க வேண்டிய மக்களுக்கு மறுப்பு போய்ச் சேரும் பாதையும் அடைபட்டது. பொய் பரவியதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். மறுப்பின் வழியை அடைத்த இந்தச் செயல்தான் என் பார்வையில் இதைவிடப் பெரியது. பொய்யைத் திருத்தலாம். திருத்தம் போகும் வழியை அடைத்துவிட்டால், பொய் அந்த நாட்டுக்குள் உண்மையாகவே குடியேறிவிடுகிறது.

யார் செய்தது என்ற கேள்விக்கு விடை பல முறை மாறியது. அமெரிக்காவின் எஃப்பிஐ அதிகாரிகள் தோஹாவுக்குச் சென்று விசாரணைக்கு உதவினார்கள். ஜூன் முதல் வாரத்தில் ரஷ்ய ஹேக்கர்கள் மீது சந்தேகம் இருப்பதாக அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று சொன்னது. ஜூலை 16 அன்று, அமெரிக்க உளவுத்துறை அதிகாரிகளை மேற்கோள் காட்டி, அமீரகமே இதற்கு ஏற்பாடு செய்தது என்று வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. அமீரகம் அதை அடியோடு மறுத்தது. ஊடுருவல் ஏப்ரல் மாதமே தொடங்கிவிட்டது என்று கத்தார் உள்துறை அமைச்சகம் பின்னர் விளக்கியது. இந்த விடைகளில் பிந்தியவை வந்து சேர்ந்தபோது எல்லை மூடி வாரக்கணக்காகிவிட்டிருந்தது.

முற்றுகையா, புறக்கணிப்பா

ஜூன் 5, திங்கட்கிழமை, ரமலான் நோன்பு நடந்துகொண்டிருந்த காலம். நமக்குக் காலைச் சாயா நேரம். முதலில் பஹ்ரைன் முகமையிலும், அடுத்தடுத்து சவூதி, அமீரக, எகிப்து முகமைகளிலும் அறிவிப்பு வந்தது: கத்தாருடன் தூதரக உறவு முறிக்கப்படுகிறது, நிலவழியும் கடல்வழியும் வான்வழியும் மூடப்படுகின்றன, கத்தார் குடிமக்கள் 14 நாளுக்குள் வெளியேற வேண்டும். சவூதி அறிவிப்பு ‘பொறுப்பு வாய்ந்த வட்டாரம்’ ஒன்றை மேற்கோள் காட்டி எழுதப்பட்டிருந்தது. எந்த ஆட்சியாளரும் கேமரா முன் வந்து அதைப் படிக்கவில்லை. போருக்கு ஒரு படி கீழே இருக்கும் ஒரு செயலை நாடுகள் தம் முகமைகளின் வாயிலாகவே செய்து முடித்தன. மே 24 அன்று ஒரு முகமையில் வந்த பொய்யும் ஜூன் 5 அன்று நான்கு முகமைகளில் வந்த மெய்யும் ஒரே நடையில், ஒரே வடிவில் இருந்தன என்பதை மாணவர்களுக்கு நான் எப்போதும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

அன்றிலிருந்து சொற்போர் தொடங்கியது. நடந்ததை ‘முற்றுகை’ என்று கத்தார் முகமை எழுதியது. அந்த நான்கு நாடுகளும் அதற்கு ‘முற்றுகை நாடுகள்’. எதிர்த் தரப்பு முகமைகளுக்கு அது வெறும் ‘புறக்கணிப்பு’. அந்த நாடுகள் தங்களை ‘பயங்கரவாதத்தை எதிர்த்துப் போராட அழைக்கும் நான்கு நாடுகள்’ என்று குறித்துக்கொண்டன. இது சொல் விளையாட்டில்லை. முற்றுகை என்பது போர்ச் செயல் என்று பொருள்படும். புறக்கணிப்பு என்றால் தன் வாசலைத் தான் சாத்திக்கொள்ளும் உரிமை. முற்றுகை எதுவும் இல்லை, கத்தாரின் துறைமுகங்களும் விமான நிலையங்களும் திறந்தே இருக்கின்றன என்று சவூதி வெளியுறவு அமைச்சர் அடெல் அல் ஜுபைர் வாஷிங்டனில் நின்று சொன்னார். உலகச் செய்தி அறைகளில் எந்தச் சொல் நிலைபெறுகிறதோ, அதைப் பொறுத்து உலகின் இரக்கம் எந்தப் பக்கம் சாயும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. நம் தமிழ்ச் செய்திகளில் ‘உறவு துண்டிப்பு’, ‘தடை’ என்ற சொற்களைப் பார்த்தேன். இரு தரப்பின் சொல்லையும் தொடாமல் நடந்ததை மட்டும் சொல்லும் ‘துண்டிப்பு’ நல்ல தேர்வு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஜூன் 22 அன்று குவைத் வழியாகக் கத்தாரிடம் 13 கோரிக்கைகள் அளிக்கப்பட்டன. அல் ஜசீராவை மூட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கத்தார் பணம் கொடுக்கும் வேறு சில ஊடகங்களின் பெயர்களும் இருந்தன. கத்தார் செய்தி முகமையை மூடு என்று யாரும் கேட்கவில்லை. என் கணிப்பில் காரணம் எளியது. அல் ஜசீரா மக்களிடம் பேசுகிறது, ஆகவே அதை நிறுத்தப் பார்த்தார்கள். முகமை ஆட்சியாளரின் பெயரால் பேசுகிறது. ஆட்சியாளரைச் சொல்லில் பிடிக்க வேண்டுமானால் அந்த வாய் இருந்தாக வேண்டும்.

நடுவில் நின்ற குவைத்தின் முகமை இன்னொரு பாடம். குவைத் அமீர் ஷேக் சபா, எண்பத்தேழு வயதில், நோன்பு மாதத்தில், ஜித்தாவுக்கும் துபாய்க்கும் தோஹாவுக்கும் நேரில் சென்று வந்தார். அவர் புறப்பட்டார், சேர்ந்தார், சந்தித்தார் என்பதற்கு மேல் அந்த முகமை அதிகம் எழுதவில்லை. சமரசம் பேசுகிறவருக்குச் சொல்லைவிட, சொல்லாமல் விட்டது பெரிய கருவி.

இங்கே வந்து சேர்ந்தது

எங்கள் மாவட்டத்தில் ஒரு தெருவுக்கு இரண்டு வீடாவது வளைகுடாப் பணத்தில் கட்டியதாக இருக்கும். கட்டட வேலை, டிரைவர் வேலை, நர்ஸ் வேலை, விசைப்படகு வேலை என்று போனவர்கள் கத்தாரிலும் இருக்கிறார்கள், சவூதியிலும் இருக்கிறார்கள், பஹ்ரைனிலும் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் சவூதியின் தம்மாமிலும் தம்பி தோஹாவிலும் இருப்பது உண்டு. இந்த நாடுகள் சண்டையிட்டால் நமக்குப் பக்கம் என்று ஒன்று இல்லை. இரண்டு பக்கத்திலும் நம் ஆட்களே நிற்கிறார்கள். அமீரகம் கத்தாருக்கு இரக்கம் காட்டி எழுதுவதைக்கூட 15 ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றம் என்று அறிவித்தபோது, துபாயிலிருந்த எங்கள் ஊர்ப் பையன்கள் குடும்பக் குழுவிலிருந்தே சில நாள் விலகி இருந்தார்கள்.

ஜூன் 5 மாலை அந்த அக்கா மறுபடியும் வந்தார். இந்த முறை அவர் கேட்டது அமீரைப் பற்றி இல்லை. "அங்க அரிசி பால் கிடைக்குதா இல்லியான்னு மட்டும் பாத்துச் சொல்லு தம்பி" என்றார். கத்தாருக்கான உணவில் பெரும்பங்கு சவூதியோடு இருக்கும் அபு சம்ரா நிலஎல்லை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அன்று எந்த முகமையும் அவர் கேள்விக்கு விடை சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு அவர் கணவரின் குரல்பதிவு வந்தது. கடையில் சவூதிப் பால் இருக்கும் அலமாரி காலி, கோழி வாங்க வரிசை, அரிசி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதே வாரத்தில் இன்னொரு பதிவு: பால் வந்துவிட்டது, ஆனால் டப்பாவில் துருக்கி எழுத்து. ஈரானிலிருந்து காய்கறியும் வந்தது. பிறகு ஓமானின் துறைமுகங்கள் வழியாகவும், இந்தியாவின் முந்த்ரா, நவசேவா துறைமுகங்களிலிருந்து நேராகவும் கப்பல்கள் கத்தாரின் ஹமத் துறைமுகத்துக்குப் போகத் தொடங்கின. எல்லை மூடியதால் அவருடைய ஓட்டம் நின்றது. ஒரு மாதம் கழித்து அதே கம்பெனி அவரை ஹமத் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்ற மாற்றியது.

இது வளைகுடா நாடுகளின் உள்விவகாரம், அங்கிருக்கும் இந்தியர்களைப் பற்றி மட்டுமே நமக்குக் கவலை என்ற பொருளில் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் சொன்னார். அந்த ஒரு வரிக்கு இங்கே இருந்த மதிப்பு நான்கு முகமைகளின் நூறு அறிக்கைகளுக்கும் இல்லை. இடைவெளியை நிரப்பியவை வதந்திகள். கத்தார் ரியால் இனிச் செல்லாது என்று மார்த்தாண்டம் சந்தையில் பேசிக்கொண்டார்கள். ஒரு டாலருக்கு 3.64 ரியால் என்ற கட்டு ஒருநாளும் மாறவில்லை. சரியான தகவல் ஓரளவு கிடைத்தது மலையாளச் சேனல்களில். அவர்களுக்கு தோஹாவிலும் துபாயிலும் செய்தியாளர்கள் இருந்தார்கள். இத்தனை ஆயிரம் தமிழர் அங்கே உழைத்தும் தமிழில் அப்படி ஒரு கண் அங்கே இல்லாதது எனக்கு வருத்தம். களத்தில் ஆள் இல்லாத மொழி, அரசு முகமை விற்பதை வாங்கித்தான் பரிமாற வேண்டியிருக்கிறது.

பூட்டு எல்லா வீட்டிலும் ஒன்றே

கத்தாருக்கு நேர்ந்ததைத் தனி விபத்தாகக் கருத முடியாது. 2020 ஜனவரியில், ஈரானியத் தளபதி காசிம் சுலைமானி கொல்லப்பட்டு வளைகுடா முழுவதும் பதற்றமாக இருந்த நாட்களில், குவைத் முகமையின் ட்விட்டர் கணக்கில் அமெரிக்கப் படைகள் மூன்று நாளில் குவைத்தை விட்டு வெளியேறும் என்று ஒரு செய்தி வந்தது. கணக்கு ஹேக் செய்யப்பட்டது என்று முகமை விரைந்து மறுத்தது. அண்டை நாடுகள் அந்தப் பொய்யைத் தூக்கிப் பிடிக்கவில்லை. அன்றே அது அடங்கியது. 1990இல் ஈராக் படைகள் குவைத்தைக் கைப்பற்றியபோது இதே முகமை லண்டனிலிருந்து இயங்கியது. நாடு கையில் இல்லாத மாதங்களிலும் நாட்டின் குரல் இருந்தது. இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று புலப்படுகிறது. பொய் ஊன்றி நிற்பது ஹேக்கரின் திறமையால் மட்டும் இல்லை. அந்தப் பொய் தேவைப்படும் ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். 2017இல் இருந்தார்கள்.

2025 ஜூன் 23 இரவு, கத்தாரில் அமெரிக்கப் படைகள் இருக்கும் அல் உதைத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை வீசியபோது, எங்கள் தெருவில் போன்கள் ஒரே நேரத்தில் ஒலித்தன. நம் மீனவர்கள் பலர் ஈரான் கரையிலேயே படகு வேலையில் இருந்தார்கள், உறவினர்கள் எதிர்க்கரையில் கத்தாரில். ஈரானிய முகமைகள் தாக்குதலை வெற்றியாக அறிவித்தன. கத்தார் வெளியுறவு அமைச்சகத்தின் கண்டன அறிக்கை கத்தார் முகமையில் வந்தது. இந்த முறை நான் இரண்டையும் திறந்து, அமைச்சகத்தின் சொந்தப் பக்கத்திலும் அதே வாசகம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுவிட்டுத்தான் யாருக்கும் பதில் சொன்னேன். அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. 2017 மே 24 அன்று அந்தக் கால் மணி நேரத்தை நான் எடுத்துக்கொண்டிருந்தால், அந்த அக்கா அன்று பகல் முழுவதும் சோறு இறங்காமல் இருந்திருக்க மாட்டார்.

கத்தார் எல்லை திறப்பது பற்றிய அறிவிப்பு 2021 ஜனவரி 4 இரவு குவைத் வெளியுறவு அமைச்சர் வாயிலாக வந்தது. மறுநாள் சவூதியின் அல் உலா நகரில் உடன்பாடு கையெழுத்தானது. அன்று காலை அந்த அக்கா வாசலுக்கு வந்து, போனைக் காட்டாமல், "தம்பி, இது அவங்க சொன்னதா, அவங்க பேர்ல வந்ததா?" என்று கேட்டார். அவங்க சொன்னதுதான் என்றேன். குவைத் முகமை, சவூதி முகமை, கத்தார் முகமை மூன்றையும் திறந்து காட்டினேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அங்கேயே நின்றபடி கணவருக்கு அழைத்தார். "இங்க இன்னும் கேட்டு தொறக்கல" என்று எதிர்முனையில் சொல்வது எனக்கும் கேட்டது. முதல் வண்டிகள் அபு சம்ரா எல்லையைக் கடந்தது ஜனவரி 9 அன்று.